புதுப்பிப்பு: இரவு தாமதமாகச் சாப்பிட்டு நள்ளிரவில் நெஞ்செரிச்சல் – தீர்வு கிடைத்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. பணி முடிந்து இரவு 11 மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதால் நள்ளிரவில் நெஞ்செரிச்சலோடு விழிப்பு வருகிறது, பணி நேரத்தை மாற்றவும் வழியில்லை என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, உணவைப் பிரித்துக்கொள்ளச் சொன்ன யோசனைதான். வயிறு நிறையச் சாப்பிடுவதை மாலை இடைவேளையிலேயே முடித்துவிட்டு, வீடு திரும்பியபின் பசித்தால் மட்டும் எண்ணெய் குறைந்த ஏதாவது சிறிதளவு உண்கிறேன். படுப்பதற்குமுன் 3 மணி நேரத்துக்குமேல் இடைவெளி கிடைப்பதால், தொண்டைவரை ஏறிவந்த புளிப்பு அநேகமாக நின்றுவிட்டது. இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவுகிறது. அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்திருப்பதால் அமிலம் எளிதில் மேலேறுவதில்லை.

தலையணைகளை அடுக்கும் யோசனை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை: கழுத்து வலித்ததோடு, உடல் இடுப்பில் மடங்கி வயிறும் அழுந்தியது. அதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் சுமார் 15 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டைகளை வைத்தபின் உடல் முழுவதும் ஒரே சரிவில் இருக்கிறது. (கட்டை வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் துண்டு அவசியம்.)

எதிர்பாராதது, காலையில் நன்றாகப் பசிப்பது. இன்னொன்று: இரவில் மெலடோனின் (தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் ஹார்மோன்) கூடும்போது இன்சுலின் சுரப்பு குறைவதால், அதே உணவு பின்னிரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்தக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்ற வேண்டாம்.