ஜூன்டீன்த்: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அமெரிக்காவில் அடிமைகளின் விடுதலையை நினைத்து ஜூன் 19 அன்று கொண்டாடும் நாள் இது.

> ‘அடிமை ஒழிப்பு நாள்’ என்றே போட்டுவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்த அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1இல் வந்தது. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஏற்கப்பட்டது 1865 டிசம்பர் 6இல். இந்த நாள் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது: 1865 ஜூன் 19, டெக்சாஸின் கால்வெஸ்டனில் கூட்டரசுப் படையின் ஜெனரல் கிரேஞ்சர், அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவிக்கும் மூன்றாம் எண் ஆணையை வெளியிட்ட நாள். கெண்டக்கி, டெலவர் மாநிலங்களில் அதற்குப் பிறகும் அடிமைகள் இருந்தார்கள்.

> அப்படியானால் ‘விடுதலைச் சேதி நாள்’?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேதி தாமதமானதுதான் குறை என்று ஆகிவிடுமே! பண்ணை முதலாளிகள் பலருக்குச் சேதி முன்பே தெரியும். அதை நடைமுறைப்படுத்தக் கூட்டரசுப் படைதான் வந்திருக்கவில்லை.

அந்த ஆணையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எசமானராக இருந்தவருக்கும் அடிமையாக இருந்தவருக்கும் உரிமையில் முழுச் சமத்துவம் என்கிறது. அதே மூச்சில், இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது என்றும் சொல்கிறது. கொண்டாடக்கூட விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சொந்த இடம் தேட வேண்டியிருந்தது. 1872இல் ஹூஸ்டனில் 800 டாலர் திரட்டிப் பத்து ஏக்கர் வாங்கினார்கள். இன்றைய எமான்சிபேஷன் பூங்கா அதுதான். இந்த நாளுக்குக் கூட்டரசு விடுமுறை கிடைத்தது 2021இல்.

இத்தனையையும் ஒரு பெயருக்குள் திணிக்க முடியாது. அவர்களும் திணிக்கவில்லை. ஜூனையும் நைன்டீன்த்தையும் பேச்சுவாக்கில் ஒட்டவைத்தார்கள், அவ்வளவுதான். நாமும் நாளின் எண்ணையே பண்டிகைப் பெயராக்குகிறவர்கள்தானே! ஆடிப் பதினெட்டு என்றால் யாராவது விளக்கம் கேட்கிறார்களா?

ஆகவே என் பரிந்துரை: ஜூன்பத்தொன்பது.

‘ஜூன்டீன்த்’ என்று ஒலிபெயர்த்தால் கடைசியில் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. கிரந்தம் வேண்டாதவர்கள் சூன்பத்தொன்பது என்று எழுதிக்கொள்ளட்டும். அந்தச் சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம்.

> வெறும் தேதி மாதிரி இருக்கிறதே?

பிரித்து எழுதினால் தேதிதான். அதனால்தான் சேர்த்து எழுதச் சொல்கிறேன்: ‘ஜூன்பத்தொன்பதுக் கொண்டாட்டம் ஜூன் 19 அன்று நடைபெறும்.’ வாக்கியம் இடறுகிறதா என்று சொல்லுங்கள்.