மூக்கு ஓடுமா, ஒழுகுமா? ஆங்கில வினை 'ரன்' (run) உங்களைப் படுத்திய கதை சொல்லுங்க

சப்டைட்டில் மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. இப்பல்லாம் மெஷின் முதல்ல தமிழாக்கித் தந்துடும், அதைச் சரிபார்க்கணும். ஒரு தொடர்ல சலவைக் காட்சி. வெள்ளைச் சட்டையோட சிவப்புச் சால்வையை ஊறப்போட்ட பெண் அலறுறா: "தி கலர்ஸ் ரேன்!" திரையில தமிழ்: "வண்ணங்கள் ஓடின!" சிரிச்சுட்டு, "சாயம் போய் ஒட்டிக்கிச்சு"ன்னு மாத்தினேன். அடுத்த காட்சியில பழைய டீச்சரை 'ரன் இன்டு' பண்றா. வழியில எதேச்சையா பார்த்ததுதான். மெஷின் ரெண்டு பேரையும் மோதவிட்டிருந்தது.

மெஷினையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைக்குத்தான் அதிகப் பொருள், சுமார் 430. பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' 645 பொருளோடு அதை முந்திடுச்சு. இந்த ஒரு வினையை மட்டும் பிரிச்சு எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாசம் பிடிச்சதாம்.

உங்களை மாட்டிவிட்ட 'ரன்' எது?

*

எங்க பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிப்போனேன். "ஈஸ் ஷி ரன்னிங் எ டெம்பரேச்சர்?"னு அவர் என்னைக் கேட்டார், காய்ச்சல் இருக்கான்னுதான். பாட்டி காதுல 'ரன்னிங்' மட்டும் விழுந்துச்சு. "இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கய்யா ஓடுறது?"

*

செய்தி மொழிபெயர்க்கிறவன் நான். தேர்தல் வந்தா அமெரிக்கர் 'ரன்' பண்ணுவார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார். நம்ம ஆளும் நிக்கிறவர்தான். கம்பெனியை அவங்க ஓட்டுறாங்க, நாம 'நட'வுக்குப் பிறவினை போட்டு நடத்துறோம். தண்ணி தீர்ந்தா, அவங்களுக்கு அதுவும் 'ரன் அவுட்'. இதெல்லாம் கூட சமாளிச்சுடலாம். மோட்டார், பஸ், படம் எல்லாம் ரெண்டு மொழியிலயும் ஓடுது பாருங்க, ஆபத்தே அங்கதான். அந்தத் தைரியத்துல கை அடுத்த 'ரன்'னையும் 'ஓடு'ன்னே எழுதிடும். "செய்தித்தாள் அந்தக் கட்டுரையை ஓட்டியது"ன்னு அச்சுக்கே போன வரியை நான் பார்த்திருக்கேன். 'வெளியிட்டது' என்ன பாவம் பண்ணுச்சு?

*

எங்க ஆபீஸ்ல இந்தத் தொல்லையே இல்லை. "புரோகிராம் ரன் ஆகல", அவ்வளவுதான். ஒருத்தர் மட்டும் பிடிவாதமா 'இயக்கம்'னு சொல்வார். புதுசா சேர்ந்த பையன் தனியா வந்து கேட்டான்: "அண்ணே, சார் எந்தக் கட்சி?"