அப்பத்தாவோட 2013 ஐபேட்: இன்னும் ஓட்டலாமா, ஒதுக்கி வைக்கணுமா?

கானாடுகாத்தான் பேரன்
அப்பத்தாவுக்கு 84 வயசு. சிங்கப்பூர் அத்தை 2013 கடைசியில வாங்கிக் கொடுத்த முதல் ஐபேட் ஏர் இன்னும் ஓடுது. காலைப் பலகாரம் முடிஞ்சதும் முகப்புத் திண்ணையில தூணுல சாய்ஞ்சு உக்காந்து, நாளிதழ் ஆப்பைத் திறந்து, ரெண்டு விரலால எழுத்தைப் பெரிசாக்கி, முதல்ல இரங்கல் அறிவிப்பைப் படிச்சிட்டுத்தான் மத்ததுக்குப் போவாங்க. லீவுக்கு வந்த பொடிசு ஒன்னு அந்த ஆப்பை அழிச்சிடுச்சு. திரும்ப இறக்கப் போனா, ஐபேடை ஓட்டற மென்பொருளான ஐஓஎஸ் 15 கேக்குது. இந்த ஐபேட் 12ஐத் தாண்டாது. புதுசு வாங்கித் தர அப்பா தயார். அப்பத்தா வேண்டாங்கிறாங்க, கை இதுலதான் பழகியிருக்கு. என்ன செய்யலாம்?

கல்லுக்கட்டி சர்வீஸ்
தம்பி, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஆப் ஸ்டோர்ல தேடிப் போய் இறக்காதீங்க. மேல உங்க படத்தைத் தொட்டு, "பர்ச்சேஸ்டு" பட்டியலுக்குள்ள போய், ஆப் பக்கத்துல இருக்கற மேகத்தைத் தொடுங்க. இந்த ஐபேடுக்கு ஒத்துவர்ற கடைசிப் பதிப்பை இறக்கவான்னு கேக்கும். ஆனா முன்ன எந்த ஆப்பிள் ஐடியில இறக்கினாங்களோ அதே ஐடி வேணும்.

இன்னொன்னு, இதை எல்லாரும் கோட்டை விடுறாங்க. செட்டிங்ஸ்ல "ஆஃப்லோட் அன்யூஸ்டு ஆப்ஸ்"னு ஒன்னு இருக்கும், அதை உடனே நிறுத்துங்க. இடம் பத்தலைன்னா பயன்படுத்தாத ஆப்பை அதுவே கழட்டிடும். புது ஐபேடுல அது நல்ல வசதிதான். பழசுல ஒரு தடவை போனது திரும்ப வரும்னு நம்ப முடியாது.

தேவகோட்டை முன்னாள் வங்கிக்காரர்
இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோதே இந்த மாடலை விட்டுவிட்டார்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத கருவியை 84 வயது அம்மாவின் கையில் கொடுத்து இணையத்தில் விடுவது சரியா? அத்தோடு தம்பி, அதில் இப்போது யாருடைய ஐடி இருக்கிறது?

கானாடுகாத்தான் பேரன்
முன்ன அத்தையோடது. போன வருஷம் மாத்தி என்னோடதைப் போட்டேன் ஐயா.

தேவகோட்டை முன்னாள் வங்கிக்காரர்
அப்படியென்றால் உங்கள் புகைப்படம், மெயில், போனில் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தி கூட அந்தத் திண்ணைக்கு வந்துகொண்டிருக்கும். எங்கள் பங்காளி வீட்டில் இப்படி ஒரு பழைய டேப் இருந்தது, பணமும் போனது. அந்த டேப்பால்தான் போனது என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

கல்லுக்கட்டி சர்வீஸ்
ஐயா, மரியாதையோடயே சொல்றேன். என் கடைக்குப் பணம் போச்சுன்னு வர்றவங்க கையில பெரும்பாலும் புது போன்தான். யாரோ கூப்பிட்டாங்க, ஓடிபி கேட்டாங்க, கொடுத்துட்டேன்னு அழுவாங்க. அப்புறம், 2019லயே கைவிட்டாங்கன்னு சொல்றதும் முழுசாச் சரியில்ல. 2023 ஜனவரியில கூட இந்த மாடலுக்கு ஐஓஎஸ் 12.5.7 அப்டேட் வந்துச்சு.

தேவகோட்டை முன்னாள் வங்கிக்காரர்
வந்தது உண்மை. எதற்காக வந்தது என்பதையும் சொல்லுங்கள். ஐபேடின் பிரவுசரான சஃபாரிக்கு அடியில் இருந்து வலைப்பக்கங்களைக் காட்டும் வெப்கிட் என்ற மென்பொருளில் ஓர் ஓட்டை. கெட்ட நோக்கத்தோடு செய்த ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், உள்ளே நுழையலாம். அதை ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்ததால்தான் ஒன்பது வருடப் பழைய கருவிக்கும் அவசரமாக அனுப்பினார்கள். வெப்கிட்டில் அதற்குப் பிறகும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு, புதிய ஐபேடுகளில் அடைக்கப்பட்டிருக்கின்றன. வேறு பிரவுசர் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. இந்த ஐபேடில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் அடியில் அதே வெப்கிட்தான்.

பள்ளத்தூர் படிப்பகம்
எங்க படிப்பகத்துக்கு மலேசியாவுல இருக்கற ஊர்க்காரர் ஒருத்தர் கொடுத்த ஐபேட் 2 இருக்கு. அது ஐஓஎஸ் 9லயே நின்னுடுச்சு. 2021 செப்டம்பர் 30க்கு அப்புறம் பாதி தளங்கள் திறக்கல, "பாதுகாப்பானது இல்லை"ன்னே காட்டுச்சு. வைஃபை கோளாறுன்னு நெனச்சு ரவுட்டரையே மாத்தினோம். கடைசியில பார்த்தா, தளம் அசல்தான்னு உறுதி சொல்ற லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்போட சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் அன்னிக்குக் காலாவதி ஆயிருக்கு. அதுக்குப் பதிலா வந்த புது மூலச் சான்றிதழ் ஐஓஎஸ் 10லதான் சேர்ந்துச்சு, எங்களோடதுல இல்ல. அதைக் கையால இறக்கிப் போட்டதும் தளமெல்லாம் திறந்துடுச்சு.

ஆனா இப்ப வைஃபையையே அணைச்சு வெச்சிருக்கோம். திருமுறை, திருக்குறள் உரை, கோயில் வரலாறுன்னு பிடிஎஃப் ஏத்தியிருக்கோம். சாயங்காலம் பிள்ளைங்க வந்து படிக்கறாங்க. நான் சர்வீஸ் அண்ணன் பக்கம்தான், ஆனா வங்கி ஐயா சொல்றதைத் தள்ளிட முடியாது.

கல்லுக்கட்டி சர்வீஸ்
சரி, வெப்கிட் விஷயத்தை ஒத்துக்கறேன். அப்ப சஃபாரியை மூடிடுவோம். ஸ்க்ரீன் டைமுக்குள்ள போய் ரகசிய எண் போட்டு சஃபாரியை மறைச்சிடலாம். நாளிதழும், வீடியோ காலுக்கு ஃபேஸ்டைமும் மட்டும் இருக்கட்டும்.

ஐடிக்கும் வழி இருக்கு தம்பி. போட்டோ, மெயில் எல்லாம் சேர்ற ஐகிளவுடுக்கு ஒரு ஐடியும் ஆப் ஸ்டோருக்கு வேற ஐடியும் போடலாம். அப்பத்தா பேர்ல புதுசா ஒன்னு தொடங்கி ஐகிளவுடுக்கும் ஃபேஸ்டைமுக்கும் போடுங்க. அத்தையோட பழைய ஐடியை ஆப் ஸ்டோருக்கு மட்டும் போடுங்க. அதுல கார்டு எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. உங்க ஐடியை முழுசா எடுத்துடுங்க.

ஒன்னு சொல்லியே ஆகணும். ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20ல இருந்து புதுசா விக்கற டேப்புக்கு, அந்த மாடல் விற்பனை நின்ன பிறகும் குறைஞ்சது 5 வருஷம் ஓஎஸ் அப்டேட் கிடைக்கணும்னு விதி இருக்கு. இந்த ஐபேடுக்கு அது உதவாது. ஆனா நல்லா இருக்கற பொருள் குப்பைக்குப் போறதை நான் தினம் மேஜையில பாக்கறேன். வயிறு எரியுது.

சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருந்து ஓய்வு பெற்றவன்
இவ்வளவு பேசினீர்கள், பேட்டரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. பழைய லித்தியம் அயான் பேட்டரி, நம் ஊர் வெயில், நாள் முழுக்க சார்ஜரில் கிடப்பது, மூன்றும் சேர்ந்தால் உள்ளே வாயு உருவாகி உப்பும். ஐபேடை உறையிலிருந்து எடுத்து ஆத்தங்குடிக் கல் தரையில் மல்லாக்க வைத்து, ஓரத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் உராய்ந்து நின்றுவிடும். முதுகு உப்பியிருந்தால் சுழலும். திரையின் ஓரம் எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் மென்பொருள் பேச்செல்லாம் அப்புறம்தான்.

கானாடுகாத்தான் பேரன்
அத்தை ஐடியைப் போட்டதும் அண்ணன் சொன்ன மாதிரியே பழைய பதிப்பு வேணுமான்னு கேட்டுச்சு, இறங்கிடுச்சு. அப்பத்தா விட்டுப்போன நாலு நாள் பேப்பரையும் ஒரே மூச்சுல படிச்சாங்க. சஃபாரியை மறைச்சாச்சு, என் ஐடியையும் எடுத்தாச்சு.

ஆனா பட்டாலைத் தரையில வெச்சுச் சுண்டினேன் ஐயா. ஒரு முழுச் சுத்து சுத்தி நிக்குது.

தேவகோட்டை முன்னாள் வங்கிக்காரர்
பேட்டரிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்த நாளிதழ்க்காரர்கள் பழைய பதிப்புக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்தினால் அந்தச் செலவும் வீண். புதிதை இப்போதே வாங்கி இதன் பக்கத்தில் வைத்தால் கை மெல்லப் பழகும். என் கருத்தில் மாற்றமில்லை.

கல்லுக்கட்டி சர்வீஸ்
புதுசு வாங்கறதை அப்பாகிட்ட பேசி முடிவு பண்ணுங்க தம்பி. இப்ப சார்ஜரைப் பிடுங்கிடுங்க, அணைச்சு வைங்க, மெத்தை தலையணை மேல வைக்காதீங்க. கடைக்குக் கொண்டு வாங்க. கண்ணாடியைச் சூடு காட்டித்தான் பெயர்க்கணும், உப்பினதைக் குத்திடாம எடுக்கணும், அரை நாள் ஆகும். ரீசெட் பண்ண மாட்டேன், அதனால ஆப் எதுவும் போகாது. யார் கேட்டாலும் நீங்களும் ரீசெட் கொடுத்துடாதீங்க.