ஒரகடத்தில் ‘டிரெய்னி’ வேலை: சேர்வதற்கு முன் எதைப் பார்க்கணும்?

கிண்டிவாசி:
தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனிக்கு கான்ட்ராக்டர் மூலம் ‘டிரெய்னி’யாகக் கூப்பிடுகிறார்கள். ஒரு வருஷம் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) கற்றுத் தருவார்களாம். முறையான அப்ரண்டிஸா, சும்மா ஆள் பிடிக்கிறார்களா, எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பத்தூர் ஹெச்ஆர்:
முதலில் ஒப்பந்தத்தைக் கேளுங்க. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் அது அரசு போர்ட்டலில் பதிவாகி எண் வந்திருக்கும். தம்பியே லாகின் பண்ணிப் பார்க்கலாம். அந்தச் சட்டத்தில் அவர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்க மாட்டார்கள். பதிவு எண்ணும் இல்லை, தொழிலாளிக்குப் பிடிக்கும் பிஎஃப்பும் இல்லை என்றால் தயவுசெய்து அனுப்பாதீங்க. மெஷினில் கை மாட்டினால் அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கே காகிதம் இருக்காது. அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் போடக் கூடாது, பிரிவு 15. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகணும் என்று சட்டத்தில் இல்லை. ‘கட்டாயம் பர்மனென்ட்’ என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

டர்னிங் செட்டர்:
‘சிஎன்சி கற்றுத் தருவோம்’ என்றால் எதுவரைக்கும் என்று கேளுங்க. பீஸை மாட்டி, கதவைச் சாத்தி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவது சீக்கிரம் கைவந்துவிடும். ரோபோ முதலில் எடுத்துக்கொள்வதும் அந்த வேலையைத்தான். சம்பளம் ஏறுவது செட்டிங்கில்: ஜா போரிங் (பீஸைப் பிடிக்கும் தாடையை அதன் அளவுக்குக் கடைவது), டூல் ஆஃப்செட் எடுப்பது (டூல் முனை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது), முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து வேர் ஆஃப்செட் (wear, டூல் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சின்னத் திருத்தம்) திருத்துவது.

வெளிவிட்டம் 25.00 மிமீ வரவேண்டிய இடத்தில் 25.04 வந்தால் விட்டத்துக்கான எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் -0.04 கொடுக்கணும். ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலில் ‘+இன்புட்’ அழுத்தினால் பழைய திருத்தத்தோடு கூடும். வெறும் ‘இன்புட்’ அழுத்தினால் பழையது அழிந்துவிடும், அளவு எங்கேயோ போய்விடும். புள்ளி வைக்காமல் அடித்தால் பல மெஷின்களில் 1 என்பது 0.001 ஆகிவிடும். இன்செர்ட்டை (டூல் முனையில் மாட்டும் வெட்டும் துண்டு) மாற்றிவிட்டு, தேய்மானத்துக்குக் கொடுத்த பழைய வேர் ஆஃப்செட்டை அப்படியே விட்டால் விட்டம் சிறுத்துவிடும். அந்தப் பீஸ் ஸ்கிராப்தான், ரீவொர்க் கிடையாது. இதையெல்லாம் பக்கத்தில் நின்று காட்டித் தர ஒரு செட்டர் வேணும்.

கிண்டிவாசி:
இன்டர்வியூவில் இதை எப்படிக் கேட்பது?

டர்னிங் செட்டர்:
‘ஆஃப்செட் ஸ்கிரீனை எந்த மாசத்திலிருந்து தொட விடுவீங்க, எந்த செட்டரோடு போடுவீங்க?’ என்று நேராகவே கேட்கச் சொல்லுங்க. பல இடங்களில் ஆபரேட்டர் தொடாதபடி சாவி போட்டு வைப்பார்கள். பதில் மழுப்பலாக வந்தால் வருஷம் முழுக்க பீஸ் மாட்டுற வேலைதான்.

அம்பத்தூர் ஹெச்ஆர்:
பதிவான அப்ரண்டிஸ் என்றால் கடைசியில் தேர்வு எழுதி தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ் வாங்காமல் விடாதீங்க. கான்ட்ராக்டர் லெட்டர்ஹெட்டில் தரும் அனுபவக் கடிதம் அதற்கு ஈடாகாது.