அமெரிக்கக் கனவு பொய் என்பதை எந்தக் காட்சியில் காட்டுவது?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
எங்கள் கிராமத்து வாசகசாலையில் அடுத்த மாதம் 'உழைத்தால் எவரும் உயரலாம்' என்ற அமெரிக்கக் கனவு பற்றி இரண்டு மணி நேரக் கூட்டம். தமிழ் படிப்பவர்களும் மலையாளம் படிப்பவர்களும் கலந்து வருவார்கள். 'தி கிரேட் கேட்ஸ்பி' 2013 படத்தைப் போட்டுப் பேசலாமா? "காசு வந்தது, நிம்மதி வரவில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுமோ என்று தயக்கம்.

நகரி மலை:
படமே இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். பேசுவது எப்போது? இன்னொன்று, அதில் பணக்கார நாயகன் கேட்ஸ்பியின் சாவுக்கு அவன் அப்பா வரமாட்டார். ஃபிட்ஸ்ஜெரால்டின் 1925 நாவலின் கடைசி அத்தியாயத்தில் மகனின் சாவுக்கு வரும் அவர், ஒரு பழைய கௌபாய் புத்தகத்தின் கடைசித் தாளைக் காட்டுவார். சிறுவனாக இருந்தபோது மகன் எழுதிய அட்டவணை அது: காலை 6 மணிக்கு எழவேண்டும், 6.15க்கு உடற்பயிற்சி, 7.15க்கு மின்சாரம் படிப்பு, வாரம் 5 டாலர் சேமிப்பு. அந்த 5ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதியிருப்பான். உழைத்து உயர்ந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சுயசரிதையில் போட்ட தினசரி அட்டவணையின் சாயல் இது. அப்படி ஒழுங்காகத் தொடங்கிய பையன் கடைசியில் பணம் பார்த்தது கள்ளச்சாராயத்தில். விருந்துக் காட்சிகளை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். (அட்டவணையின் தேதி 1906, ஆனால் அந்தக் கௌபாய் நாவல் வந்ததே 1910ல். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் சறுக்கும்.)

செங்கோட்டை நாடகக்காரன்:
என் ஓட்டு ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்துக்கு (1949). முதல் அங்கத்தில் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் வில்லியும் மனைவி லிண்டாவும் கமிஷன் கணக்குப் போடும் இடத்தை இருவர் வாசித்தால் போதும், பத்து நிமிடம் ஆகாது. ஒருவர் பலகையில் எண்களை எழுதிக்கொண்டே வரட்டும். பிராவிடன்ஸில் 500 குரோஸ் (விற்பனை மொத்தம்), பாஸ்டனில் 700 என்று வில்லி அளப்பார். கமிஷன் 212 டாலர் என்று லிண்டா பூரித்துப்போவாள். அப்புறம் மெல்ல இறங்கி, மொத்தப் பயணத்துக்கே 200 குரோஸ்தான், கையில் 70 டாலர் சொச்சம். அடைக்கவேண்டிய பாக்கியோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கூரை எல்லாம் சேர்த்து 15ஆம் தேதிக்குள் சுமார் 120.

வாசிப்பவர்கள் பெரும்பாலும் வில்லியை எடுத்த எடுப்பிலேயே அழவைத்துவிடுவார்கள். அது கெடுத்துவிடும். 500, 700 என்று சொல்லும்போது குரலில் அசல் மிடுக்கு இருக்கவேண்டும், அப்போதுதான் இறங்குவது தெரியும். பின்னால் அவர் பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கிச் சம்பளம் என்று வீட்டில் கொடுப்பது தெரியவரும். உங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கமே வேண்டாம். 'பத்தேமாரி' (2015) மலையாளப் படம் பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். வளைகுடாவில் படும் பாட்டை வீட்டுக்குச் சொல்லாத அதே மறைப்பு.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
கணக்குக் காட்சி பிரமாதம், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் "வில்லியின் வாய்ச்சவடால்தான் காரணம், ஒழுங்காக உழைத்திருந்தால் ஜெயித்திருப்பார்" என்று யாராவது கேட்டால்?

நகரி மலை:
கட்டாயம் கேட்பார்கள். அதற்கு ஸ்டெய்ன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் (1939). நிலமிழந்த குடும்பம் ஒன்று வேலை தேடிக் கலிபோர்னியா போகும் வழியில், அங்கிருந்து திரும்பும் கந்தல்சட்டைக்காரர் ஒருவர் வேலை நோட்டீஸின் சூட்சுமத்தைச் சொல்வார்: தேவை 800 பேர், அச்சடிப்பது 5,000 நோட்டீஸ், பார்ப்பது 20,000 பேர், கிளம்புவது இரண்டு மூவாயிரம். ஆள் மிஞ்சினால் கூலி தானாக விழும். இதில் சோம்பேறி யார்? ஜான் ஃபோர்டின் 1940 படத்திலும் இந்தப் பேச்சு இருக்கிறது, அந்தத் துண்டை மட்டும் போடுங்கள்.

முழுப்படம் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. நாவலில் கௌரவமான அரசு முகாம் முதலில், அடிமாட்டுக் கூலித் தோட்டம் பிறகு, கடைசியில் வெள்ளம். படத்தில் தோட்டத்தை முன்னால் தள்ளி முகாமைப் பின்னால் வைத்துவிட்டார்கள். சம்பவங்கள் அதேதான், ஆனால் பார்ப்பவர் நம்பிக்கையோடு எழுந்து போவார். நேரம் மிஞ்சினால் இரண்டு வரிசையையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

செங்கோட்டை நாடகக்காரன்:
அப்படியானால் நோட்டீஸை முதலில் வையுங்கள், வில்லி பிறகு. மாற்றி வைத்தால் அந்தக் கேள்வியிலேயே அரைமணி போய்விடும்.