பியர்டட் டிராகனுக்கு மழையில் சூடு பத்தவில்லை, உதவி வேண்டும்

குலசேகரத்தில் இருக்கிறோம். தென்மேற்குப் பருவமழை பிடித்ததிலிருந்து எங்கள் பியர்டட் டிராகன் (ஓணான் இனத்து வளர்ப்புப் பிராணி) சரியாகச் சாப்பிடுவதில்லை. வயிறு கறுத்து, விளக்கடியிலேயே ஒட்டிக் கிடக்கிறது. ஒரு வயது ஆகிறது.

நான்கடி கண்ணாடித் தொட்டி, வலை மூடி, அதன் மேல் 75 வாட் ஹாலஜன். வெயில் காயும் கல் 40 டிகிரியாவது தொட வேண்டும், 33-ஐத் தாண்டவில்லை. 100 வாட் போட்டேன். கல் சூடானது, ஆனால் குளிர்ந்த பக்கமும் 34 ஆகிவிட்டது, ஒதுங்க இடமில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தும் ஈரப்பதம் 80-க்குக் கீழே வரவில்லை (துணியே காயாத ஊரில் வேறென்ன எதிர்பார்க்க). சுருள் யுவிபி (புற ஊதாக் கதிர் தரும்) பல்பை மாற்றி டி5 என்ற மெல்லிய யுவிபி குழல் மாட்டியாயிற்று, அது 12 மணி நேரம் எரிகிறது. பக்கத்து மருத்துவர் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பாராம்.

கல் 40-லும் மறுபக்கம் 28-லும் நிற்க, எத்தனை வாட் விளக்கை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?