லைன் ஃபாலோயர் போட்டிக்குப் புதிதாக வரும் அணிகள்: களத்தில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

களநடுவர்:

லைன் ஃபாலோயர் என்பது தரையில் போட்ட கோட்டைத் தானே பின்தொடர்ந்து ஓடும் சிறு ரோபோ வண்டி. இந்தப் போட்டிக்கு முதல்முறை வரும் பள்ளி, கல்லூரி அணிகளுக்காக ஒரு வழிகாட்டி தொகுக்கிறோம். வண்டி கட்டுவது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. கட்டிய வண்டி களத்தில் வந்து ஏன் நிற்கிறது என்பதை எழுதியவர்கள் குறைவு. எனவே ஒரு சம்பவம், அதன் காரணம், சரிசெய்யும் வழி, இந்த மூன்றும் போதும்.

முதலில் வெயில். மதியச் சுற்று, ஜன்னலோரம் போட்ட டிராக். காலையில் தடம் மாறாமல் ஓடிய அதே வண்டி, வெயில் விழுந்த வளைவுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கடந்து நேராக ஜன்னல் பக்கம் போய்விட்டது. அணி முழுவதும் மடிக்கணினியைத் திறந்து ப்ரோகிராமை மாற்ற ஆரம்பித்தார்கள். பிழை ப்ரோகிராமில் இல்லை. சென்சார் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை அளக்கும்; குறைவாகத் திரும்பினால் எண் கூடும், அது கறுப்பு. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. கறுப்புக் கோட்டின் மேல் இருக்கும்போதும் சென்சாருக்குள் வெளிச்சம் புகுந்துவிடும். எட்டு சென்சார் கொண்ட அனலாக் பட்டையில் காலையில் கறுப்பு 800, வெள்ளை 100 என்ற அளவில் வந்திருக்கும். ப்ரோகிராமில் 500 என்று எல்லை கட்டியிருப்பார்கள். வெயிலில் கறுப்பும் 500-க்குக் கீழே இறங்கிவிடும். வண்டிக்கு எல்லாமே வெள்ளை.

எல்லையை எண்ணாக எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சில நொடிகள் வண்டியைக் கோட்டின் மேல் இடமும் வலமும் ஆட்டி, ஒவ்வொரு சென்சாரின் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். அது மட்டும் போதாது, ஏனென்றால் வெயில் டிராக்கின் ஒரு மூலையில் மட்டும்தான் விழும். சென்சார் பட்டையைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பரால் ஒரு பாவாடை கட்டி, தரையில் உரசாமல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சென்சார் தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 6-ஐத் தாண்டினால் அளவீடு நம்பத் தகுந்ததாக இருக்காது.

ஈயப்பற்று:

வெயிலுக்கு முன்னாடி கரண்ட். புது அணிகளில் நான் அதிகம் பார்க்கிற காட்சி இது: ஸ்டார்ட் கோட்டில் வண்டியை வைக்கிறாங்க, சக்கரம் அரைச் சுற்று துடிக்குது, நிற்குது, போர்டு விளக்கு மறுபடி மினுக்குது, மறுபடி அரைச் சுற்று. நடுவர் கையைத் தூக்கிட்டார். வண்டியைத் திருப்பிப் பார்த்தா 9 வோல்ட் சதுர பேட்டரி.

அந்தப் பேட்டரி ஸ்மோக் அலாரம், மல்டிமீட்டர் மாதிரி கொஞ்சமா கரண்ட் இழுக்கிற சாதனங்களுக்கு. இரண்டு மோட்டார் புறப்படுற நொடியில சேர்ந்து 1 ஆம்பியருக்கு மேல கேட்கும். உள்மின்தடை அதிகம் என்பதால வோல்டேஜ் சரிஞ்சு, வண்டியோட மூளையான ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகுது. ரீசெட் ஆனதும் ப்ரோகிராம் முதல்ல இருந்து ஓடி மோட்டாரை மறுபடி கிளப்புது. மறுபடி சரிவு.

18650 லித்தியம் செல் இரண்டு, தொடரா. 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீங்க. மோட்டார் டிரைவரோட (ஆர்டுயினோ சொல்றபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற போர்டு) பவர் முனைக்குப் பக்கத்துல 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கு நடுவுல 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு. பேட்டரி, டிரைவர், ஆர்டுயினோ மூணுக்கும் கிரவுண்ட் ஒண்ணா சேரணும். சேரலைன்னா மோட்டார் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும், ப்ரோகிராமில் தப்புத் தேடி ராத்திரி போயிடும்.

எல்298என் டிரைவர் வாங்காதீங்க. பழைய பைபோலார் சிப், சுமார் 2 வோல்ட்டை அதுவே வெப்பமாக்கிடும். 7.4 கொடுத்தா மோட்டாருக்கு ஐந்தரைதான். டிபி6612 வாங்குங்க. அதில் ஸ்டாண்ட்பை முனையை 5 வோல்ட்டில் கட்டலைன்னா மோட்டார் அசையவே அசையாது, இதையும் வழிகாட்டியில தடித்த எழுத்தில போடுங்க.

பாலிடெக்னிக் ஆசிரியை:

மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் வண்டிக்கு எல்298என்-தான் சரி. அதில் ஸ்க்ரூ முனைகள் இருக்கின்றன. சால்டரிங் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் ஸ்க்ரூ டிரைவரால் கட்டிவிடும். டிபி6612 போர்டு பெரும்பாலும் பின் சால்டர் செய்யாமல்தான் கைக்கு வரும். குளிர் சால்டர் போட்டால் முனை தொட்டும் தொடாமலும் இருக்கும், வண்டி குலுங்கும்போது மட்டும் நிற்கும். புதியவர்கள் அந்தப் பழுதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். மஞ்சள் பிஓ மோட்டாருக்கு (பேட்டரியில் ஓடும் சிறிய கியர் மோட்டார்) ஐந்தரை வோல்ட் தாராளம். வேகம் தேவைப்படும் இரண்டாவது வண்டியில் மாறிக்கொள்ளட்டும்.

எல்298என்-இல் எச்சரிக்க வேண்டியது வேறு ஒன்று. ஒரு அணியின் வண்டி விசில் அடித்ததும் அம்பாகப் பாய்ந்து, முதல் வளைவிலேயே வெளியே போய்ச் சுவரில் மோதியது. ப்ரோகிராமில் வேகம் 80 என்றுதான் இருந்தது (முழு வேகம் 255). போர்டில் ஈஎன்ஏ, ஈஎன்பி என்ற இரண்டு முனைகளிலும் கடையில் வந்த ஜம்பர் (முனைகளை இணைக்கும் சிறு மூடி) அப்படியே இருந்தது. ஜம்பர் இருக்கும்வரை மோட்டார் எப்போதும் முழு வேகம்தான், ப்ரோகிராம் எதைச் சொன்னாலும். ஜம்பர் இரண்டையும் கழற்றி, ஈஎன்ஏ, ஈஎன்பி முனைகளை ஆர்டுயினோ நானோவின் 5, 6 போன்ற பிடபிள்யூஎம் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்) முனைகளில் இணைக்க வேண்டும்.

ஈயப்பற்று:

டீச்சர், சால்டரிங் தெரியாம போட்டிக்கு வந்தா வயர் ஒண்ணு அறுந்ததும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. அதைத் தள்ளிப்போடக் கூடாதுங்கிறது என் கருத்து. ஜம்பர் விஷயம் சரி, அதைச் சேர்த்துக்கலாம்.

லெகோ பயிற்றுநர்:

வழிகாட்டி லைன் ஃபாலோயருக்கு மட்டும்தானா? ஃபர்ஸ்ட் லெகோ லீக் (லெகோ ரோபோவை மேசையில் ஓட்டி வேலைகளை முடிக்கும் போட்டி) பக்கம் வரும் பிள்ளைகளும் இதைத் தேடிப் படிப்பார்கள். அங்கே பார்த்தது: மேசையில் வண்டியை வைத்து, ஹப்பை (லெகோ வண்டியின் மூளைப் பெட்டி) ஆன் செய்த கையோடு பையன் வண்டியை இன்னும் நேராக்குகிறான். ஓட்டம் தொடங்குகிறது, முதல் வேலைக்குப் போகும்போதே வண்டி சாய்வாகப் போகிறது. இரண்டரை நிமிட ஆட்டம் அங்கேயே பாழ். ஆன் ஆகும்போது கைரோ (வண்டி திரும்பும் கோணத்தை அளக்கும் சென்சார்) அசையாமல் இருக்க வேண்டும். முதலில் மேசையில் வையுங்கள், கையை எடுங்கள், பிறகு ஆன். ஒவ்வொரு ப்ரோகிராமின் தொடக்கத்திலும் கோணத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

இன்னொன்று, நேரக்கணக்கில் நகர்த்தாதீர்கள். "2 நொடி முன்னே போ" என்றால் பேட்டரி இறங்க இறங்கத் தூரம் குறையும். சக்கரச் சுற்றில் கணக்கிடுங்கள். லெகோவின் ஸ்பைக் ப்ரைம் தொகுப்பில் வரும் 56 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 17.6 சென்டிமீட்டர் போகும். மேசைச் சுவரில் பின்புறத்தை முட்டவிட்டு நேராக்கிக்கொள்வது எந்த சென்சாரையும்விட நம்பகமானது.

கோடு பார்ப்பவர்:

களநடுவர் வெயிலைச் சொன்னார். வெயிலே இல்லாத அரங்கிலும் இதே நடக்கும். வீட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பழகிய வண்டி, போட்டியின் ஃப்ளெக்ஸ் டிராக்கில் கோட்டைக் கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ஆனால் சில அச்சு மைகள் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்பிவிடும். சென்சாருக்கு அது சாம்பல். பொட்டென்ஷியோமீட்டர் திருகி வைக்கும் டிஜிட்டல் சென்சார் என்றால், டிராக்கில் வைத்துத்தான் திருக வேண்டும். சின்ன ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையில் இருக்கட்டும். பழகுவதற்கே ஒரு துண்டு ஃப்ளெக்ஸ் அச்சடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, பேனர் அடிக்கும் கடையில் போட்டுத் தருவார்கள்.

கேட்கவில்லை என்றாலும் பிஐடி (கோட்டிலிருந்து விலகிய பிழையை வைத்து எவ்வளவு திரும்புவது என்று கணக்கிடும் முறை) பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் தவிப்பது இங்கேதான். எட்டு சென்சாருக்கும் 0, 1000, 2000 என 7000 வரை எடை கொடுத்துச் சராசரி எடுத்தால் கோட்டின் இடம் கிடைக்கும், நடு 3500. இடத்திலிருந்து 3500-ஐக் கழித்தால் வருவது பிழை. அடிப்படை வேகம் 255-க்கு 80 வைத்துத் தொடங்குங்கள். கேபி பிழையின் அளவையும், கேஐ சேர்ந்துகொண்டே வரும் பிழையையும், கேடி பிழை மாறும் வேகத்தையும் பெருக்கும் எண்கள். கேஐ பூஜ்யம், கேடி பூஜ்யம். கேபி-யை 0.02-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். வளைவில் கோட்டை விடாமல், ஆனால் நேர்கோட்டில் பாம்பாக நெளிய ஆரம்பிக்கும் இடம் வரும். அங்கே நிறுத்தி, கேடி-யைக் கேபி-யின் பத்து மடங்கில் தொடங்கி, நெளிவு அடங்கும்வரை கூட்டுங்கள். அடங்கிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகம் மாறினால் கேடி-யையும் மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலான டிராக்குகளுக்குக் கேஐ தேவையே இல்லை.

இதைச் செய்யும்போது பேட்டரி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 7.4 வோல்ட்டில் திருத்திய எண்கள், முழு சார்ஜான 8.4-இல் வண்டியை நெளிய வைக்கும். போட்டிக்கு எந்த அளவில் போகப் போகிறீர்களோ அதிலேயே திருத்துங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு வண்டி குடிகாரன்போலத் தள்ளாடியதைப் பார்த்தேன். சென்சார் எண்களைத் திரையில் பார்ப்பதற்காக எழுதிய சீரியல் பிரிண்ட் வரிகள் ப்ரோகிராமிலேயே இருந்தன, 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில். அந்த வேகத்தில் ஒரு எழுத்து அனுப்ப ஏறக்குறைய 1 மில்லிநொடி. ப்ரோகிராமின் ஒவ்வொரு சுற்றிலும் இருபது எழுத்து என்றால் 20 மில்லிநொடி. நொடிக்கு 1 மீட்டர் போகும் வண்டி அதற்குள் 2 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடும். கோடே இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அகலம்தான். அந்த வரிகளை நீக்கியதும் அதே எண்களோடு வண்டி நேரானது.

செங்கோணத் திருப்பத்துக்கு பிஐடி மட்டும் போதாது. எல்லா சென்சாரும் வெள்ளை காட்டினால், கடைசியாகக் கறுப்பைப் பார்த்த ஓரம் எதுவோ அந்தப் பக்கம் திரும்பு என்று தனியாக எழுதுங்கள். டிராக்கில் இடைவெளி விட்டிருப்பார்களா, கறுப்பில் வெள்ளைக் கோடு வருமா என்று விதிமுறையில் பாருங்கள். இடைவெளி இருந்தால், கோடு நடு சென்சார்களில் மறைந்ததா ஓரத்தில் மறைந்ததா என்று பிரிக்க வேண்டும். நடுவில் மறைந்தால் நேராகப் போ, ஓரத்தில் மறைந்தால் திரும்பு.

பாலிடெக்னிக் ஆசிரியை:

மேலே சொன்ன எடைக்கணக்கு அனலாக் பட்டைக்கு. இரண்டே டிஜிட்டல் சென்சாரோடு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு: சென்சார் இரண்டும் கோட்டின் இருபுறமும் வெள்ளையில் நிற்கட்டும். இடது கறுப்பைத் தொட்டால் இடப்பக்கம் திரும்பு, வலது தொட்டால் வலப்பக்கம். மெதுவாக ஓடினாலும் முழுதாக ஓடி முடிக்கும். முடிக்காத வேகமான வண்டியைவிட அதற்குப் புள்ளி அதிகம்.

உதிரிப்பை:

வந்த வேகத்தில் ஒன்று. சுற்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் அணியால் வண்டியில் ப்ரோகிராமை ஏற்ற முடியவில்லை. மடிக்கணினியில் போர்ட் பட்டியலே காலி. கேபிளை மாற்றிக் கொடுத்ததும் வந்துவிட்டது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பி கிடையாது. டேட்டா கேபிள் இரண்டு வைத்திருங்கள், சுற்றிலும் சிவப்பு டேப் ஒட்டி.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கும் மலிவு நானோவில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருளைப் போட்டிக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் முன்பே நிறுவிவிடுங்கள், அரங்கில் இணையம் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் தெரிந்தும் ஏறவில்லை என்றால், ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் பட்டியலில் ப்ராசசர் என்ற இடத்தில் 'பழைய பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

பையில் மற்றவை: மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயம், க்ளூ கன், உதிரி மோட்டார் ஒன்று, உதிரி மோட்டார் டிரைவர் ஒன்று, சார்ஜ் ஏற்றிய இரண்டாவது பேட்டரி ஜோடி, டயர் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் துணியும். டயரில் தூசி படிந்தால் வளைவில் வழுக்கும். முன்னால் இருக்கும் பந்துச் சக்கரத்தில் முடியும் நூலும் சுற்றியிருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் ஒட்டு இருக்கும் இடத்தில் அது தூக்கினால் சென்சாரும் சேர்ந்து தூக்கும்.

களநடுவர்:

ஆசிரியை சொன்ன இரண்டு சென்சார் வண்டியை முதல் பகுதியாகவும், எட்டு சென்சார் பிஐடியை இரண்டாம் பகுதியாகவும் பிரிக்கிறேன். டிரைவர் விவாதத்தில் இரண்டு பக்கமும் போகட்டும்: ஸ்க்ரூ முனையோடு எல்298என், ஜம்பர் எச்சரிக்கையோடு; சால்டரிங் தெரிந்தவருக்கு டிபி6612, ஸ்டாண்ட்பை எச்சரிக்கையோடு. லெகோ லீக்குக்குத் தனி இணைப்பு. பவர் பகுதி எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். பரிசோதனை மேசையில் வண்டியின் நீள அகலத்தை நாங்கள் அளக்கும்போது, சென்சார் பாவாடையும் வெளியே நீட்டிய வயரும் அளவில் சேரும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுகிறேன். விதியில் 20 சென்டிமீட்டர் என்றிருந்தால் 19-க்குள் கட்டுங்கள்.